கண்டிச்சீமையில் ஒரு காது

என் வலது காதைக் கண்டிச்சீமையில் குத்தினார்கள். இடது காதைக் கொல்லிமலையில் குத்தினார்கள். நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், நடந்தது அதுதான்.

கொல்லிமலையில் எங்கள் வாழவந்தி நாட்டில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மாமாவோ நான் பிறப்பதற்கு முன்பே அம்மாவைப் பெற்ற அப்புச்சியோடு சண்டை போட்டுக்கொண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணியின் பின்னால் கப்பலேறிப் போய்விட்டார். மடிக்கு எங்கே போவது? விவரம் தெரிந்த பிறகும் என் காது மூளியாகவே கிடந்தது.

ஒருநாள் பேளுக்குறிச்சிச் சந்தையில், அந்தச் சீமையிலிருந்து திரும்பிய ஒருவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "உங்க மச்சான் அங்க வெள்ளைக்காரங்க தங்குற ஓட்டல்ல பெரிய ஆளுங்க. குடும்பத்தோட வந்தா ஓட்டல்லயே தங்க வெச்சுக்கறேன்னு சொல்லி உட்டாருங்க."

அன்றிலிருந்து அம்மா அப்பாவைத் தூங்க விடவில்லை. "ஏனுங்க, போலாமுங்க. புள்ளைக்குக் காதும் குத்துனாப்புல ஆச்சு, அவனையும் கையோட கூட்டியாந்தரலாம்." எனக்கு மாமா வருவதைப் பற்றியெல்லாம் கவலையில்லை. தோடும் ஓட்டலும்தான் கண்ணுக்குள் நின்றன.

வெறுங்கையோடு கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குப் போகலாமா? அம்மா ஒரு மூட்டை மிளகும் ஒரு பெரிய பலாப்பழமும் கட்டிக்கொண்டாள். ரயிலில் பழுக்க ஆரம்பித்த பலா, கப்பலில் மணம் வீசத் தொடங்கியது. வாந்தியெடுத்த ஜனங்களெல்லாம் கடலை விட்டுவிட்டு எங்களைத் திட்டினார்கள்.

போய் இறங்கினால் மலை! வளைந்து வளைந்து ஏறும் பாதை, பனிமூட்டம், அட்டைகள். ஓட்டல் வாசலில் ஒரு பலாமரம், அதன் மேல் சரம் சரமாகக் காய்த்த மிளகுக்கொடி. அப்பா அண்ணாந்து பார்த்தார். "இதப் பாக்கத்தான் கடல் தாண்டி வந்தமா?" என்றார். அம்மா மிளகு மூட்டையை மெதுவாக எனக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான்.

அது அடைமழைக் காலம். ஒரே ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் துரைசாணியைத் தவிர ஓட்டலில் யாருமில்லை. அதனால்தான் எங்களுக்குப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. கம்பிச்சுருள் கட்டிலில் படுத்த அப்பா, "கெணத்துல உழுந்தாப்புல இருக்குது" என்று எழுந்து தரையில் பாயை விரித்துக்கொண்டார். சாப்பாடு என்று மாமா ரொட்டியும் கஞ்சித் தெளிவு போல ஏதோ ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டு அம்மா, "சோறு எப்ப தம்பி போடுவாங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாள். நானோ அழுதேவிட்டேன்.

பெரிய ஆள் என்றார்களே, அந்த மாமாவைக் கூப்பிடச் சுவரில் ஒரு மணி இருந்தது. துரைசாணி எங்கிருந்தோ கயிற்றை இழுப்பாள். மணி அடித்ததும் மாமா பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார். குளியலறைக்கு வெந்நீர் சுமப்பதுதான் அவர் வேலை. "பெரிய ஆளு…" என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"வந்துரு சாமி, நம்ம ஊட்டுக்கு" என்று அம்மா கெஞ்சினாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரதுக்கா? பெரிய ஆளாயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லி உட்டுட்டனே."

காது குத்துக்குத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். என் வாயில் வெல்லம், நான் மாமா மடியில். வலது காதில் ஊசி இறங்கியதும் நான் வீறிட்டேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மாமா பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தார். நான் ஒரு பக்கம், வெல்லம் ஒரு பக்கம் உருண்டோம். ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி திகைத்து நின்றார்.

நனைந்த வேட்டியோடு திரும்பி வந்த மாமா, தலை நிமிராமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வா கண்ணு, மத்ததையும் குத்திரலாம்."

அம்மா மற்றத் தோட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "வேண்டாம் தம்பி. அது நம்ம ஊட்ல, மணி அடிக்காத எடத்துல, உன் மடியில. நீ எப்ப வாரியோ அப்பக் குத்திக்கலாம்."

கொல்லிமலைக்குத் திரும்பி, ஒற்றைத் தோட்டோடு திரிந்தேன். பிள்ளைகள் கேலி செய்யாத நாளில்லை. ஒன்றுவிட்ட மாமன்மார் எத்தனையோ பேர், "எம் மடி இல்லீங்களா?" என்று வந்தார்கள். அம்மா அசையவில்லை. ஓட்டல் எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், "ஓட்டலாம் ஓட்டல்!" என்று உதட்டைச் சுழிப்பாள். அந்தக் கோபத்தை என் காதின் மேல் காட்டுகிறாளே, இதென்ன நியாயம் என்று எனக்கு அழுகையாக வரும்.

மூன்றாம் வருஷம், தலையில் தகரப்பெட்டியோடு மாமா மலையேறி வந்தார். "பெரிய ஆளா வரலீக்கா. புள்ள காதுக்காக வந்தேன்" என்றார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சேலை மாற்றும்போதெல்லாம் இறுக்கி இறுக்கி முடிந்திருந்ததால் வெகுநேரம் பிடித்தது.

இடது காதும் குத்தியாயிற்று. நான் கத்திய கத்தலுக்கு நடுவே அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாடா, ஓட்டல் மேலிருந்த கோபம் அம்மாவுக்கு ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.