மைச்சட்டியில் ஒரு பூச்சி

மை காய்ச்சுகிறவனுக்கு இரண்டு எசமான்கள்: ஒன்று வாடிக்கைக்காரர், மற்றது அவன் ஒருநாளும் உயிரோடு காணாத ஒரு பூச்சி. கடை வைத்துப் பேச்சு வாங்கினவர்கள் மேலே வாசியுங்கள், மற்றவர்களுக்கு விளங்காது.

உள்ளே ஆள்

என் மைக்கொட்டில் கொழும்பு கொட்டாஞ்சேனையில். சட்டியில் போவது மாசிக்காய், அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, வேலம்பிசின். மாசிக்காய் காயே அல்ல. தூரதேசத்து மரமொன்றின் மொட்டில் பூச்சி முட்டையிடும். மரம் அதைச் சுற்றி உருண்டையாக வீங்கும். குஞ்சுக்கு அதுவே வீடு, அதுவே சாப்பாடு. வளர்ந்ததும் துளைத்துக்கொண்டு பறந்துவிடும். பறந்தபின் துவர்ப்புக் குறைவு. துவர்ப்பு இல்லையென்றால் கறுப்பு இல்லை.

ஆகையால் புறக்கோட்டை மருந்துக்கடையில் ஒவ்வொன்றாக உருட்டி, ஓட்டை இல்லாததை மட்டும் எடுப்பேன். கடைக்காரர் காசிம் நானாவுக்குப் பொறுக்காது. "காய் வாங்க வந்தீங்களா, உள்ளுக்கு ஆள் இரிக்கா எண்டு தட்டிப் பாக்க வந்தீங்களா?"

தேத்தண்ணி

என் மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டு மறுநாள் கறுக்கும். போத்தலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யார் வாசிக்கிறார்கள்? வெள்ளவத்தை வாத்தியார் ஒருவர் போத்தலோடு வந்து, இது மையா தேத்தண்ணியா என்று கத்தினார். "நாளைக்கு வாரும்" என்றேன். வேறென்ன சொல்ல?

வந்தார். ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். "உங்களைப் பேசி எழுதினது. நேற்று வாசிக்கேலாமல் கிடந்தது, இண்டைக்கு ஒவ்வொரு வசவும் பளிச்செண்டு தெரியுது. ரெண்டு போத்தல் தாங்கோ."

வெள்ளிக்கிழமை

உலக யுத்தம் வந்தது. மாசிக்காய் வரவில்லை. முன்பு நானா கடையில் கழித்துப் போட்ட ஓட்டைக் காய்களையே வாங்கி இடித்துக் காய்ச்சினேன். புத்திகெட்ட வேலை. புதுக்கடை நொத்தாரிசு ஒருவர், காணிப் பத்திரம் எழுதுகிறவர், என் மையில்தான் உறுதி எழுதுவார். அவரைப் பார்த்துத்தான் அந்தத் தெருவே வாங்கியது. அவர் போனால் கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை அவரே வந்துவிட்டார். எழுதி ஒரு கிழமை, உறுதி இன்னும் கறுக்கவில்லை. "யுத்தம் உமக்குத்தான் ஐசே, என்ர உறுதிக்கு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள கறுப்பு வேணும். இல்லாட்டிச் சீமை மைப் போத்தல்தான் வாங்குவன்."

பாமன்கடை மாமரம்

பூச்சி தூரதேசத்தில் மட்டுமா இருக்கிறது? பாமன்கடையில் ஒரு வளவில் மாவிலை முழுக்கக் கொப்புளம். அதுவும் பூச்சி செய்த வேலைதான். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு ஒரு பை பறித்தேன். காய்ச்சினால் சாம்பல் நிறம். மறுநாள் இரண்டு பை பறித்து, சுண்டக் காய்ச்சினேன். சாம்பல்தான்.

விடுவேனா? மூன்றாம் நாளும் போய் நின்றேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னா: "வருத்தம் பிடிச்ச இலை பொறுக்கக் கொட்டாஞ்சேனையில இருந்து வாறியள். மரத்தை வேரோட தாறன், கொண்டு போங்கோ ஐயா!"

பூவல்ல

புதன்கிழமை நானாவின் கடையைக் கிளறினேன். ஒரு டப்பாவில் கடுக்காய்ப்பூ. பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு விற்பது. ஒன்றை நாக்கில் வைத்தேன். வாய் இழுத்துக்கொண்டது. பூ இப்படித் துவர்க்குமா? இன்னொன்றைப் பிளந்தேன். உள்ளே பொந்து, பொந்துக்குள் காய்ந்த பூச்சி, மிளகுத்தூள் மாதிரி. கடுக்காய் மரத்து இலையில் பூச்சி கட்டுவித்த வீடு!

"நானா, இது பூ இல்லை!" என்று சத்தம் போட்டுவிட்டேன். கடையில் நாலு பெண்கள் நின்றார்கள். நானா என் கையைப் பிடித்து இழுத்தார். "மெல்லக் கதைங்க முதலாளி! முப்பது வருஷமாப் பூ எண்டு வித்திட்டேன்."

கத்தி

டப்பா முழுவதையும் வாங்கிக் காய்ச்சினேன். வியாழன் பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன், நொத்தாரிசு ஒரு வரி எழுதிப் பார்த்தார். வெளிறல். முகத்தைச் சுளித்தார். "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றிரவு நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

வெள்ளி காலை போனேன். மேசையில் பேனாக்கத்தி, பக்கத்தில் கிழிந்த கடதாசி. அதில் காகத்தின் கறுப்பில் எழுத்து. அவர் நிமிரவில்லை. "சுரண்டிப் பாத்தன் ஐசே. கடதாசி போச்சு, எழுத்துப் போகேல்லை. ஆறு போத்தல் அனுப்பும்."

பூச்சி தன் குஞ்சுக்குக் கட்டுவித்த வீட்டை உடைத்துக் காய்ச்சித்தான் கொழும்பாருக்கு வீடு வளவெல்லாம் எழுதிக் கொடுத்தோம். பூச்சி இன்றுவரை வழக்குப் போடவில்லை.