செவலை இருந்தவரை

உள்ளங்கை நிறையக் காயை அள்ளிக் காதோரம் கொண்டுபோய் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு, கண்ணை மூடியபடியே கன்னையன் சொல்வார்: "இன்னும் ஈரம் போகல மொதலாளி. காயவச்சவன் அவசரப்பட்டுட்டான். அவனுக்கு வீட்ல ஏதோ சோலி."

ஏலக்காயைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் போடி கடைவீதியில் நாற்பது பேராவது இருப்பார்கள். காய வைத்தவன் வீட்டுச் சங்கதியையும் சேர்த்துச் சொல்கிறவர் கன்னையன் ஒருவர்தான். யோசேப்பு முதலாளியின் கடையில் இருபத்தாறு வருஷமாகச் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கை சலிக்கும், வாய் சலிக்காது. மலையிலிருந்து லாரி வந்து நின்றால், "எந்தா சேட்டா, லோடு வைகியோ?" என்று, லோடு தாமதமானதைப் பற்றி டிரைவரிடம் மலையாளத்தில் ஆரம்பித்து, அவன் மறுபடி வண்டியில் ஏறுவதற்குள் அவன் மாமியாருக்கு முட்டுவலி என்பதுவரை தெரிந்துகொண்டுவிடுவார். கட்டை குட்டையான ஆள். முன்பல் ஒன்று கிடையாது. பேச்சு அந்த வழியாகச் சீட்டியடித்துக்கொண்டு வரும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டு நிலையைத் தாண்டியதும் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒன்பது வருஷமாகப் பேசவில்லை.

காரணம் ஒரு கிண்ணம் பாயசம். மகள் பெரியம்மாளை ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்த மறு வருஷம், மனைவி கருப்பம்மாளின் தம்பிக்குத் தேவாரத்தில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த கன்னையன் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கைத் தட்டினார். சம்பந்தகாரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "காய் மூணாந்தரம்" என்றார். பந்தி அப்படியே நின்றுபோனது. அந்தக் காய், கருப்பம்மாள் தன் வீட்டு டப்பாவிலிருந்து சேலை முந்தியில் முடிந்துகொண்டு வந்த காய். அதாவது, கன்னையனே கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த காய்.

"நம்ம வீட்டுக் காயின்னு தெரிஞ்சுமா சபையில சொன்னீக?" என்று கேட்டாள், திரும்பி வரும் வழியில்.

"யாரு வீட்டுதா இருந்தா என்ன? மூணாந்தரம்னா மூணாந்தரந்தான்."

"அப்ப இனிமே எங்கூடப் பேசாதீக."

"நீயும் பேசாத."

இருவருமே சொன்ன சொல் தவறாதவர்கள். அதுதான் சங்கடம்.

செவலை வந்தது அதற்கு அடுத்த வாரம். லாரியில் சாக்குகளுக்கு நடுவே எப்படியோ மலையிறங்கி வந்துவிட்ட குட்டி, செம்மண் நிறம். யாரும் உரிமை கேட்காததால் கன்னையன் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் விட்டார். "இதுக்குப் பால் ஊத்து" என்று சொல்ல முடியாதே! குட்டி கத்தியது. கருப்பம்மாள் ஊற்றினாள்.

நாலைந்து நாள் கழித்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கருப்பம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே குட்டியிடம் சொன்னாள்: "ஏ செவலை, மழ வருது. கொடியில கெடக்குற வேட்டி நனைஞ்சா எனக்கென்ன?" கன்னையன் எழுந்து போய் வேட்டியை எடுத்து வந்தார். "செவலை, வேட்டி காஞ்சிருச்சு, சேலை இன்னும் ஈரமா இருக்கு" என்று அதனிடமே தகவலும் சொன்னார். வழி திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை. "செவலை, ரசம் ஊத்தவான்னு ஒங்கய்யாகிட்டக் கேளு." "ஊத்தச் சொல்லு. நேத்து மாதிரி உப்பு இல்லாம ஊத்த வேண்டாம்னும் சொல்லு." நாயும் கெட்டிக்கார நாய். பேசுகிறவர் முகத்தை முழுசாகப் பார்க்கும். பேச்சு முடிந்ததும் மற்றவர் பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருக்கும். பதில் வரத் தாமதமானால் முன்னங்காலைத் தூக்கி அவர் தொடையில் வைக்கும். மனிதர்கள் நடுவே நின்று சமாதானம் பேசுகிறவர்கள் கொஞ்சமாவது தங்கள் சரக்கைக் கலந்து சொல்வார்கள். செவலை ஒருநாளும் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. கருப்பம்மாளும் கன்னையனும் ஒருமுறைகூட நேருக்கு நேர் சண்டை போட்டதில்லை என்று தெருவில் நல்ல பெயர் வேறு.

பேரன் பிறந்த சேதியைச் செவலைதான் முதலில் கேட்டது. கருப்பம்மாள் மலைக்காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கன்னையன் கடைக்குப் போகவில்லை. கட்டில் காலடியில் குந்தியிருந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "செவலை, ஒங்காத்தாளைச் செத்துகித்துப் போகவேணாம்னு சொல்லு. எனக்குச் சோறாக்கத் தெரியாது" என்றார். கருப்பம்மாள் கண் திறக்காமலே, "போறதா இருந்தா சொல்லிட்டுத்தான் போவேன்னு சொல்லு செவலை" என்றாள். இரண்டு பேர் கையும் அதன் முதுகின்மேல்தான் இருந்தன. நடுவில் நாலு விரற்கடை இடைவெளி.

போன ஐப்பசியில், மாநிலம் பிரித்ததில் மலை கேரளத்தோடு சேர்ந்துவிட்டது என்று கடைவீதி முழுக்க எல்லைப் பேச்சாக இருந்த நாளில், செவலை செத்துப்போனது. நோயில்லை, நொடியில்லை, வயசுதான். அடுப்படிக்கும் முன்கட்டுக்கும் நடுவே, வழக்கமாகப் படுக்கும் நிலைப்படியில், படுத்தபடியே.

விடிந்ததும் முதலில் பார்த்தவள் கருப்பம்மாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷனிடம் சொல்ல வேண்டும். யார் மூலமாகச் சொல்வது? அடுப்பைப் பற்றவைத்தாள். காப்பி போட்டாள். டம்ளரை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

கன்னையன் முகம் கழுவி வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். "செவலை, சீனி கம்மின்னு சொல்லு."

தலை திரும்பவில்லை.

"ஏ செவலை..."

அவர் நிமிர்ந்து பார்த்தபோது கருப்பம்மாள் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். காப்பியில் அவள் சீனியே போட்டிருக்கவில்லை. அவர் மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

புழக்கடையில் வாய்க்கால் ஓரமாகக் குழி வெட்டினார்கள். பக்கத்து வீட்டு ரெபேக்காள், முறுக்குச் சுட்டு விற்கிறவள், சத்தம் கேட்டு வந்தாள். வந்ததுதான் அவள் செய்த தப்பு.

"தங்கச்சி, குழி ஆழம் பத்துமான்னு அவகிட்டக் கேளு."

"ரெபேக்கா, இன்னும் ஒரு முழம் வெட்டட்டும்னு சொல்லு. நரி தோண்டும்."

"தங்கச்சி, கடப்பாறை எங்க இருக்குன்னு கேளு."

ரெபேக்காள் அரைமணி நேரம் பொறுத்தாள். "ஏ அண்ணே! நாலடி தள்ளித்தான அவ நிக்கா? அங்க எண்ணெய்ச் சட்டி காயுது. நீங்களே பேசித் தொலைங்க!" என்று போய்விட்டாள். மண்வெட்டிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கருப்பம்மாள் தன் பழைய சேலையில் ஒரு பாதியைக் கிழித்து நாயைச் சுற்றினாள். கன்னையன் இறக்கினார். மண்ணைத் தள்ளும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவேண்டியது யாரிடமோ, அது குழிக்குள் இருந்தது.

கடையில் சல்லடை ஓடியது, வாய் ஓடவில்லை. மலை லாரி டிரைவர் தானாக இறங்கி வந்து, "எந்தா சேட்டா, மிண்டாத்தது?" என்று, பேசாததற்குக் காரணம் விசாரித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் கன்னையன் இரண்டாந்தரக் காயைக் குலுக்கி முதல் தரம் என்றார். யோசேப்பு முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன கன்னையா, வீட்ல எதும் துக்கமா?"

"ஆமா மொதலாளி. நாய் செத்துப்போச்சு."

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். ஒருவன், கருமாதிக்கு மொட்டை உண்டா என்று கேட்டான். கன்னையனும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி மொதலாளி, காய்த் தூசி" என்றார். யோசேப்பு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ரெண்டு நாளில் எஸ்டேட் காவல்காரனிடம் சொல்லி ஒரு குட்டி வரவழைத்துக் கூடையில் வைத்துக் கொடுத்தார். "கொண்டு போ. வெரசாப் பழகிரும்."

கறுப்புக் குட்டி. நல்ல குட்டிதான். ஆனால் யார் பேசினாலும் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. கன்னையன், "குட்டி, சோறு வைக்கச் சொல்லு" என்றார். வயிற்றைக் காட்டியது. மூன்றாம் நாள் கருப்பம்மாள், "ஏ குட்டி, ஒங்கய்யாகிட்ட..." என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். அவர் இந்தக் குட்டிக்கு ஐயா இல்லை, செவலைக்குத்தான் ஐயா. குட்டியை எடுத்துக்கொண்டு போய் ரெபேக்காள் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அங்கே அது முறுக்குத் தின்று சௌக்கியமாக இருக்கிறது.

அதன் பிறகு பத்து நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ரசம் வேண்டுமா என்று கேட்க ஆளில்லாததால் கருப்பம்மாள் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாததால் கன்னையன் குடித்தார். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கவளம் இலையில் மீந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமலே அது காக்கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை. முதலாளி கோயிலுக்குப் போகும் நாள் என்பதால் கடை இல்லை. காலையிலிருந்தே மேற்கே மலை தெரியாதபடி மழை. மத்தியானம் வாய்க்கால் பொங்கிப் புழக்கடைக்குள் ஏறியது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கன்னையன் திடீரென்று எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் செவலையின் மேட்டை அரித்துக்கொண்டிருந்தது. மண் கரைந்து, சேலைக் கிழிசலின் ஓரம் வெளியே தெரிந்தது.

மண்ணை அள்ளிப் போட்டார். போட்ட மண் போட்ட வேகத்தில் போனது. பின்னால் காலடிச் சத்தம். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, இடிந்த சுற்றுச்சுவரிலிருந்து ஒரு கல்லை மார்போடு அணைத்தபடி கருப்பம்மாள் வந்தாள். கல்லை அவர் கையில் கொடுத்தாள். அவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்.

"மேக்க வைங்க. தண்ணி அங்கிட்டிருந்துதான வருது" என்றாள்.

சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் ரெபேக்காள் இல்லை. நாயும் இல்லை. மழை மட்டும் சாக்கின்மேல் தடதடத்தது.

கன்னையன் கல்லைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்குப் பக்கமாக வைத்துவிட்டு, நிமிர்ந்து, தப்பென்று அவள் சொல்லட்டும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.