இரண்டை அமுக்கியவர்

மக்களின் குறையைக் கேட்கச் சம்பளம் உண்டு. கேட்ட குரல் காதை விட்டுப் போவதற்குத்தான் யாரும் எதுவும் தருவதில்லை.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று பணம் தருகிறது. நாங்கள் ஜொகூர் தோட்டங்களில் புகார் வாங்கி, உரிய அரசு அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பதில் வரும்வரை துரத்துகிறோம். புகார் கொடுத்துவிட்டு "பார்க்கலாம்" என்ற பதிலோடு வீடு திரும்பியவர்தானே நீங்களும்? அந்தப் "பார்க்கலாம்" என்பதை வாங்கி வந்து தருவதுதான் என் தொழில்.

முதல் கூட்டம்

ரெங்கம் பக்கம் ஒரு தோட்டம். பன்னிரண்டு வீடுகள். ரோட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே பெரிய கால்வாய். அதன்மேல் இரண்டு பலகை போட்டு, அதற்குப் பாலம் என்று பேர் வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் போகும், கார் போகாது.

பேசுங்கள் என்று மைக்கை நீட்டினேன். எல்லோருக்கும் பேசினால் வம்பு வரும் என்ற பயம். பதிவைப் போட்டுக் கேட்டால் முதல் கால் மணி நேரம் காற்றாடிச் சத்தம்தான். கடைசியில் ஆரோக்கியம் அங்கிள் எழுந்தார். நெஞ்சுவலிக்காரர். அவசரமென்றால் ஆம்புலன்ஸ் வீட்டுக்கு வராது என்பதுதான் அவர் புகார். "என் பேர்லயே எழுதிக்கம்மா. பாலம் வர்ற வரைக்கும் நான் விட மாட்டேன்" என்றார்.

மெஷின் கேட்கும் கேள்வி

பணம் கொடுப்பவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். குறை தீர்ந்ததா என்று சொல்லும் உரிமை புகார் கொடுத்தவருக்கு மட்டுமே. மாதம் ஒருமுறை மெஷின் அவரைக் கைப்பேசியில் கூப்பிடும். தீர்ந்தால் ஒன்றை அமுக்க வேண்டும், தீராவிட்டால் இரண்டை. மெஷினில் பேசுவது என் குரல்தான். ஒரு மாதம் போன் எடுக்காவிட்டாலும் புகார் தானாக முடிந்துவிடும்; ஆள் இறந்துபோனாலும் அப்படித்தான்.

பொந்தியான் பக்கம் வேலை இழுத்துவிட்டதால் நான் அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. மெஷின்தான் போய் வந்தது. ஆறாவது மாதம், வந்த பதில்களின் பட்டியலை அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்துக்காரர் மரியாதையாக உட்காரவைத்து, ஆரோக்கியம் பெயருக்கு நேரே வரிசையாக நின்ற இரண்டுகளை விரலால் தடவினார். மலாயில் சொன்னார்: "இந்த ஆள் லேசில் போக மாட்டார் போலிருக்கிறதே."

ஆயர் ஈத்தாமில் ஒரு தேத்தண்ணி

அடுத்த வாரம் ஆயர் ஈத்தாம் சாப்பாட்டுக் கடையில் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். ஆரோக்கியம் அங்கிளின் பக்கத்து வீட்டுக்காரர்; அங்கே பூச்சாடிக் கடையில் வேலை. அலுவலகத்தில் பேசியிருக்கிறேன், அங்கிளிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அங்கிள் இறந்து ஐந்து மாதமாயிற்றாம். ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நிற்க, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பலகையைத் தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டது.

நான் பட்டியலைக் காட்டினேன். ஆறு மாதம், ஆறு இரண்டு. முதலாவது அவர் உயிரோடு அமுக்கியது. மற்ற ஐந்தும்? முனியாண்டி அண்ணன் பட்டியலைத் தொடவே இல்லை. "பெட்டியயும் அந்தப் பலக மேலதாம்மா தூக்கிட்டுப் போனோம். நானும் ஒரு பக்கம் புடிச்சேன்லா" என்றார்.

ரோசம்மா ஆன்டி வீட்டில்

மறுநாள் பட்டப்பகலில் போனேன். பையில் இறப்பைத் தெரிவிக்க நிரப்பிக் கொடுக்கும் பாரம் இருந்தது. அதைக் கொடுத்தால் புகார் முடிந்தது. மிச்சமுள்ளவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் திட்டத்துக்கோ இன்னும் இரண்டே மாதம்தான் ஆயுள்.

அங்கிளின் மனைவி ரோசம்மா ஆன்டி எதையும் மறைக்கவில்லை. அமுக்கியது அவர்தான். பெண் குரல் கேட்டால் ஆள் இல்லையென்று தெரிந்துவிடுமே என்று, பேசாமலே எடுத்து இரண்டை அமுக்குவாராம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல வேலை செய்தீர்கள் என்றேன். அந்தப் போன் எங்கே என்று கேட்டேன்.

மாதா படத்துக்குக் கீழே ஓர் அரிசி டப்பா. அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சேறு காய்ந்து, திரை வெடித்திருந்தது. அங்கிள் போய் மூன்றாம் மாதம் முடிந்ததும் கால்வாயில் விழுந்ததாம். அதற்குப் பிறகு உயிர் வரவேயில்லை. சிம்மும் உள்ளேயே இருந்தது. நான் பட்டியலை மறுபடி பார்த்தேன். கடைசி இரண்டு மாதமும் போன் எடுக்கப்பட்டிருந்தது. ஆன்டி என் முகத்தைப் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை. "நான் மூனு தடவதாம்மா அமுக்குனேன். மத்த ரெண்டுக்கும் நீங்க கேட்டீங்க, அவரு பதில் சொல்லிருக்காரு. பேரு அவருதுதானே?"

அந்தப் பாரம் இன்னும் என் பையில்தான் கிடக்கிறது, பாலமும் வந்தபாடில்லை. ஆனால் பணம் கொடுத்தவர்களின் கடைசி அறிக்கையில், ஒரு மாதம்கூடத் தவறாமல் குரல் கொடுத்த முன்மாதிரிக் குடிமகன் என்று பாராட்டு வாங்கியிருப்பவர் எங்கள் ஆரோக்கியம் அங்கிள்தான்.