கண்ணாடி துடைக்கும் வாத்தியார்

நான் மேடை ஏறியதற்குக் காரணம் பொன்னுக்கு வீங்கி. சொன்னால் சிரிக்கிறார்கள். இப்போது வாரத்துக்கு ஒரு மேடை, ஒரு பேசும் படத்தில் வேலைக்காரியாக இரண்டு காட்சி என்று பறந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வீக்கம் மட்டும் வராமலிருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மயிலாப்பூரில் கடலோரமாக எங்கள் மாதா கோயில். திருவிழாவுக்குத் திருவிழா பங்கு மண்டபத்தில் நாடகம் போடுவார்கள். ராஜாவும் ஆண், ராணியும் ஆண், ராணியின் தோழிகள் நாலு பேரும் மீசை மழித்த ஆண்கள். இண்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்தது பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. வசனம் மறந்தவர்களுக்கு நோட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் கண்ணெல்லாம் ராஜா மேல் இல்லை, பபூன் மேல்தான். ஒரு காட்சி முடிந்து படம் எழுதிய திரையை மாற்றுகிறவரை அவர் முன்திரைக்கு வெளியே வந்து நின்று பேசுவார். கூட நடிக்க ஆள் கிடையாது, வசனம் கிடையாது. ஒற்றை ஆள் வாயைத் திறந்தால் மண்டபமே குலுங்கும். அதைவிட ஒரு சுகம் உலகத்தில் இருக்க முடியுமா! குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நானும் பேசிப் பேசிப் பார்ப்பேன். வாளியும் செம்பும்தான் ரசிகர்கள்.

வீட்டிலோ மேஜைமேல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், டீச்சர் டிரெய்னிங் விண்ணப்பம் படபடத்துக்கொண்டிருந்தது. அப்பா ஆண்கள் பள்ளியில் பூகோள வாத்தியார். "டீச்சராயிட்டா உன்னை யாரும் அசைக்க முடியாது" என்பார். எனக்கோ அசைய வேண்டும், ஆட வேண்டும், குதிக்க வேண்டும். திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது.

ஞாயிறு சாயங்காலம் நாடகம். பபூன் வந்தார். இரண்டு கன்னமும் பூசணிக்காய். வாயைத் திறந்தால் 'ங்' என்றுதான் சத்தம் வருகிறது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒருவிதமாக முதல் காட்சியை ஓட்டினார்கள். அரண்மனை போய்க் காடு வர வேண்டும். காட்டின் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. சபை கைதட்ட ஆரம்பித்தது. நல்ல கைதட்டு இல்லை, அந்த இன்னொரு கைதட்டு.

"யாராவது போய் ரெண்டு நிமிஷம் பேசுங்கப்பா!" என்று நாடகத்துக்குப் பொறுப்பான அண்ணன் கையைப் பிசைந்தார்.

அந்த 'யாராவது' நான்தான் என்று என் கால்கள் முடிவு செய்துவிட்டன. நோட்டும் கையுமாகத் திரைக்கு வெளியே நின்றேன். ஒரு பெண்! மண்டபம் கப்பென்று அடங்கியது. எங்கள் வீதிக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளாக இடுப்பில் கை வைத்தேன்.

"இன்னாம்மா, செவுளத் தூக்கித் தூக்கிப் பாக்குற? மீனு நல்லாத்தான் கீது! நேத்து வாங்கிக்கினு போன ஒன் நாத்தனாரு உசுரோட கீறாங்களா இல்லியா, அத்தப் போய்ப் பாரு மொதல்ல!"

சிரிப்பு அலை அடித்தது. அப்புறம் டிராம் கண்டக்டர். அதற்கும் அலை. சரக்கு தீர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திரைக்குப் பின்னாலிருந்து கெஞ்சுகிறார்கள். முன் வரிசையைப் பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் கை தானாக எழுந்தது. முந்தானை கோட்டு நுனியானது. "எழுந்திருடா! நோட்டு எங்கேடா? மாடு தின்னுடுச்சா?" என்று உறுமினேன். இல்லாத கண்ணாடியைக் கழற்றினேன், ஊதினேன், துடைத்தேன், ஒற்றைக் கண்ணை மூடி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். சுற்றுமுற்றும் விழித்தேன். "நான்... யாரைத் திட்டிக்கிட்டிருந்தேன்?"

பின் பெஞ்சில் பழைய மாணவர்கள் கூரையைப் பிய்த்தார்கள். "சார்! சார்!" என்று ஒரே கூச்சல். அப்பா திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்த்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நாடகம் முடிந்ததும் ஒரு பட்டுப்புடவை அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். தியாகராய நகரில் மாதர் சங்கமாம். அடுத்த சனிக்கிழமை கால் மணி நேரம் நான் மட்டும்! "அந்த வாத்தியாரைக் கட்டாயம் செய்யணும்மா. அதுக்குத்தான் கூப்பிடறேன்."

அப்பா அம்மாவோடு வீட்டுக்கு நடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அப்பாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"போய்ட்டு வா, போய்ட்டு வா! அந்த மனுஷனை அப்படியே கொண்டுவந்துட்டியே! பாவம், கணக்கு வாத்தியார்! தன்னைத்தான் நீ செஞ்சேன்னு தெரியாமலே சிரிச்சுக்கிட்டிருந்தார்."

உண்மையைச் சொல்லிவிடாதே என்று அம்மா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் நடையை எட்டிப் போட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு அப்பா வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பின்னாலேயே கணக்கு வாத்தியார் வந்து நின்றார்.

"சார்! உங்க பொண்ணு உங்களை அப்படியே உரிச்சு வெச்சுட்டா! எங்காத்துல நேத்துலேர்ந்து எல்லாரும் சிரிச்சுண்டே இருக்கா."

"என்னையா? உங்களையில்ல செஞ்சா!"

"என்னையா? நான் கண்ணாடியே படிக்கறச்சேதான் போட்டுப்பேன் சார்! ஸ்கூல்ல யாரை வேணா கேட்டுப் பாருங்கோ."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊர் பூரா என்னைப் பார்த்தா சிரிச்சுது? நானும் உக்காந்து கைதட்டினேனே!" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "மேடையும் வேண்டாம், மாதர் சங்கமும் வேண்டாம். எடு அந்த ஃபாரத்தை. இப்பவே கையெழுத்துப் போடறேன். பேனா எங்கே? பெத்த அப்பனையே..."

ஃபாரம் அவர் கையில். பேனா அவர் கையில். கையெழுத்துப் போடும் இடம் சரியாகத் தெரியவில்லை போலும். பேனாவை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். கோட்டு நுனியால் துடைத்தார். ஒற்றைக் கண்ணை மூடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நான்... என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு வாத்தியார் அங்கவஸ்திரத்தை வாயில் அடைத்துக்கொண்டார். அப்பா கீழே பார்த்தார். கோட்டு நுனி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"இதையா நான் செய்யறேன்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்றாள் அம்மா.

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு நாற்காலியே குலுங்கியது. ஃபாரம் மறுபடி கண்ணாடிக் குண்டுக்கு அடியில் போயிற்று. கடைசித் தேதி வந்தது, போனது, அது அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை தியாகராய நகருக்கு அப்பாவும் வந்தார், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். கூட்டமும் புழுக்கமுமாக அவர் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது மேடையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் வாத்தியாரைச் செய்து முடிக்கிறவரை அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். துடைக்கவே இல்லை. என் முதல் தனி மேடையை அப்பா பார்த்தது ஒரு மங்கலான வெள்ளைப் புகையாகத்தான். சிரித்தது மட்டும் எல்லோரையும்விடச் சத்தமாக.