எருமையிடம் சொன்ன வழக்கு

விவாகரத்துத் தீர்ப்போடு தகராறு தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கோர்ட்டுப் பக்கமே போகாதவர்கள். வேலைக்காலம் முழுக்கக் கோர்ட்டு ஆபீசில் குப்பை கொட்டியவள் நான். எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்பு என்று தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் நான் பார்த்த மிகச் சிறந்த சமரசம் எழுபதுகளின் கடைசியில், பெருநகர் என்ற கிராமத்தில், என் அத்தையின் மாட்டுக்கொட்டகையில் நடந்தது.

தீர்ப்புப்படி நான் உத்திரமேரூரில் அம்மாவோடு இருந்தேன். ஞாயிறுதோறும் அப்பா வந்து பார்க்கலாம். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. அம்மாவுக்குச் செங்கல்பட்டில் டீச்சர் வேலை கிடைத்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. கிடைத்தது. "கொயந்தய ஊர வுட்டு கூட்டிக்கினு போனா மறுபடியும் கேஸ் போடுவேன்" என்றார் அப்பா. போட்டிருந்தால் அம்மா வேலையை இழந்திருப்பாள், இல்லையென்றால் என்னை.

இந்தச் சேதியையும் அம்மாவிடம் சேர்த்தது நான்தான். அவர்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டே, "உங்கப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாவ கேளு" என்பார்கள். நான் கடுஞ்சொற்களைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்வேன். அவை ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த உத்தியோகத்தில் ஏகப்பட்ட பெருமை. ஞாயிறு தவறாமல் வயிறும் வலிக்கும். அப்பா வாங்கித்தரும் பக்கோடாதான் காரணம் என்பாள் அம்மா.

அத்தையிடம் போகலாம் என்றது அம்மாதான். அப்பாவின் அக்காவிடமா என்று அம்மாவோடு பிறந்த மாமா குதித்தார். அம்மா அசையவில்லை. அத்தையோ, "தீர்ப்பு அவுங்க ரெண்டு பேருக்குத்தானே? எனக்கும் இவளுக்கும் எவன் குடுத்தான்?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

கொட்டகையில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். அப்பா வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"டேய், கொயந்தய வுடு" என்ற அத்தை, நடுவில் கட்டியிருந்த எருமையைக் காட்டினாள். "மூஞ்சியப் பாத்துப் பேச கூச்சமா கீதாடா? இதாண்ட சொல்லு."

அப்பா எருமையிடம் சொன்னார். வாரம் முழுக்க நெல் மண்டியில் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் பொழுதை ஓட்டுவதாகச் சொன்னார். எருமை அசைபோட்டது. அடுத்து அம்மாவின் முறை.

"எனக்கொண்ணும் சிரமமில்ல அண்ணி. எருமைகிட்ட பேசி எனக்குப் பழக்கம்தான்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாதான் முதலில் சிரித்தார். சிரித்த வேகத்தில் நேராகவே கேட்டுவிட்டார்: "அங்க வூடு பாத்தாச்சா?"

பிறகு எருமைக்கு வேலையில்லை. பால் கறக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அம்மா வேலைக்குப் போவது, ஞாயிறுகளுக்குப் பதிலாகப் பள்ளி லீவு முழுக்க நான் அப்பாவிடம் இருப்பது, அம்மா அங்கே பஸ் ஏற்றினால் அப்பா இங்கே இறக்கிக்கொள்வது. அத்தை தன் யோசனை என்று ஒன்றும் சொல்லவில்லை. இடையிடையே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்த வக்கீலை நான் பார்த்ததில்லை. பேசியபடியே நடந்தது. எந்த மனுவும் வரவில்லை.

அன்று எனக்குத்தான் அழுகை. என் உத்தியோகத்தை எருமைக்குக் கொடுத்துவிட்டாளே என்று அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினேன்.

ஊர் மாறுவதற்கு முந்தைய ஞாயிறு, அப்பாவும் அம்மாவும் பஸ் நேரம் பற்றித் தாங்களே பேசிக்கொண்டார்கள். நான் பக்கோடா தின்றேன். வயிறு வலிக்கவில்லை. அப்பா கடையை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.