மூன்றாவது திருப்பத்து லாரி

வெளிநாட்டுக்கு ஓட்டுநராகப் போகிறவர்களைச் சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டத் திரையிலேயே பழக்கும் சிமுலேட்டரை உருவாக்கியவள், அலுவலகமே ‘அக்கா’ என்று கூப்பிடும் பெண். அதில் மூன்றாவது திருப்பத்தில் சாலை காலியாகக் கிடக்கும். ஓட்டுபவரின் கை தானாகப் பழைய இடப்பக்கத்துக்கே போகும். எதிரே லாரி வந்து மோதும்.

“லாரியத் தூக்கிடும்மா, பாதிப் பேர் அங்கதான் ஃபெயிலாகுறாங்க” என்றார் முதலாளி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தம்பி வெளிநாட்டில் அப்படியொரு திருப்பத்தில்தான் ஒரு காலை இழந்திருந்தான்.

“நீங்க உக்காருங்க சார்.”

“எனக்கேவா? இருபது வருஷமா ஓட்டுறேம்மா!”

மூன்றாவது திருப்பத்தில் அவர் கையும் பழைய பக்கத்துக்கே போனது; திரை முழுக்க லாரி. முதலாளி பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

“திடீர்னு வந்தா எப்படிம்மா?”

“என் தம்பிக்கும் சொல்லிட்டு வரல சார். லாரி இருக்கும்; இல்லன்னா நான் இந்த வேலையில இருக்கமாட்டேன்.”

“சரி, இருக்கட்டும். இன்னொரு தடவ போடு.”

கோபம் அடங்காத அக்கா, லாரியின் வேகத்தைக் கூட்டிப் போட்டாள்.