கீழத்தெருக் குடங்கள்

என் அண்ணன் சங்கிலிமுத்துவைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. நாரணாபுரம் தாண்டி எங்கள் ஊராட்சியில் பதினான்கு வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவனுக்கு. நான்கு தெரு, நான்கு வால்வு. அதில் கீழத்தெருவில் ஆளே கிடையாது.

அந்தத் தெருவிலிருந்து வேலைக்குப் போன பதினோரு பேர், ஒரு தீபாவளி சீசனில் பட்டாசு ஆலை வெடித்து ஒரே நாளில் செத்தார்கள். என் மதினி வெள்ளைத்தாயும் அதில் ஒருத்தி. மற்றவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சாத்தூர் பக்கம் போய்விட, அண்ணன் மட்டும் மகள் பாண்டிமீனாவோடு மேலத்தெருவுக்கு, என் பக்கத்து வீட்டுக்கு வந்தான். பாவி மனுஷன், ஆளில்லாத கீழத்தெருவுக்கும் தினமும் கால் மணி நேரம் தண்ணீர் விட்டான்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? அங்கன யாருண்ணே இருக்கா?" என்று கேட்டால், "குடம் வரிசையில இருக்குல்ல" என்பான்.

எங்கள் ஊரில் வரிசையில் குடம் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டோம். ஆலை வெடித்த அன்று காலையில் அந்தப் பதினோரு பேரும் குழாயடியில் வைத்துவிட்டுப் போன குடங்கள் அப்படியே இருந்தன.

2004இல் எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்த்து அரசாணை வந்தது. அண்ணனுக்கு வேலை நிரந்தரமாக அது ஒன்றுதான் வழி. பார்வையிட வந்த அதிகாரி, "ஆளில்லாத தெருவுக்கு எதுக்குய்யா தண்ணி? இந்த வால்வு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா உன் பேரு பட்டியல்ல வராது" என்றார்.

இரண்டு நாள் அண்ணன் சோறு தொடவில்லை. நான்தான் கத்தினேன். "செத்தவுகளுக்காக இருக்கிற பிள்ளையப் பட்டினி போடாத. போட்டுத் தொலை!"

போட்டான். ஆட்கள் வந்து குழாயைப் பிடுங்கினார்கள், குடங்களை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். நானும் நின்று பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் மேலத்தெருக் குழாயடிக்கு நான்தான் முதல் ஆளாகப் போனேன். எனக்கு முன்னால் பதினோரு குடம் வரிசையில் நின்றது. கடைசியாக நின்ற சில்வர் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பேர், வெள்ளைத்தாய். என் குடத்தை அதற்குப் பின்னால் வைத்தேன். பின்னால் வந்த பெண்கள் பார்த்தார்கள். அந்தக் குடங்களை நகர்த்தாமல் தங்கள் குடங்களை எனக்குப் பின்னால் வைத்தார்கள். குழாயில் தண்ணீர் வந்து கால் மணி நேரம் தரையில் ஓடியது.

அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் எம்புட்டுச் சீக்கிரம் போனாலும் பன்னிரண்டாவது ஆள்தான்.